படைவீரரின் ஆராதனை: திருச்சிக் கோட்டை சொல்லும் சாட்சி



நம் சபைக் குடும்பங்களில் சில, தங்கள் பிள்ளைகளை இராணுவத்திலும் துணைப் படைகளிலும் பணிபுரிய அனுப்பியிருக்கின்றன. ஞாயிறுதோறும் பொது விண்ணப்பத்தில், நாட்டின் எல்லையைக் காக்கும் வீரருக்காக ஒரு வரி ஜெபிக்கிறோம். நாம் ஜெபிக்கும் அந்த நேரத்தில் அவர்கள் எங்கே ஆராதிக்கிறார்கள், எப்படி ஆராதிக்கிறார்கள், அந்த ஆராதனை அவர்களுக்கு எதைத் தருகிறது என்று நாம் எண்ணிப்பார்ப்பது குறைவு. துப்பாக்கி ஏந்திய கைகள் ஜெபத்தில் குவியும்போது அங்கே நடப்பது என்ன? இந்த வாரம் இந்தக் கேள்வியைத் தியானிக்க உங்களை அழைக்கிறேன். விடை தேடி வெகுதூரம் போக வேண்டாம். தெப்பக்குளத்தின் அருகே நிற்கும் கிறிஸ்து ஆலயமும், கண்டோன்மென்ட் பகுதியில் நிற்கும் தூய யோவான் ஆலயமும் படைவீரரின் ஆராதனையோடு பிறந்த வரலாறு உடையவை. தினமும் அவற்றைக் கடந்து போகிற நாம், அவை சொல்லும் சாட்சியைச் சற்று நின்று கேட்போம்.

வேதம் காட்டும் படைவீரர்

முதலில் வேதத்தைத் திறப்போம். புதிய ஏற்பாட்டில் படைவீரர் வரும் இடங்களைத் தொகுத்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் வந்து, தாங்கள் செய்யவேண்டியது என்னவென்று கேட்டவர்களில் போர்ச்சேவகரும் இருந்தார்கள் (லூக்கா 3:14). யோவான் அவர்களைத் துரத்திவிடவில்லை. எளியவரை மிரட்டிப் பறிக்காமலும், பொய்க் குற்றம் சாட்டாமலும், தங்கள் சம்பளத்தில் திருப்தியோடும் வாழச் சொன்னார். கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதியோ தன் வேலைக்காரனுக்காக மனம் உருகியவன். அவ்வூர் யூதருக்கு ஜெப ஆலயம் கட்டிக்கொடுத்தவன். ஆண்டவரே வியந்த விசுவாசத்தை உடையவன் (லூக்கா 7). சிலுவையின் அடியில் நின்று அறிக்கை செய்தவனும் ஒரு நூற்றுக்கு அதிபதி. புறஜாதியாருக்குக் கதவு திறந்தபோது அதன் வழியாக முதலில் நுழைந்தது செசரியாவிலிருந்த கொர்நேலியு என்னும் படை அதிகாரியின் வீடு. அவனுடைய ஏவலில் தேவபக்தியுள்ள ஒரு சேவகனும் இருந்தான் என்பதை லூக்கா மறவாமல் குறித்துவைத்திருக்கிறார் (அப்போஸ்தலர் 10:7).

ஆகவே படைமுகாமும் தேவனுடைய பார்வைக்குள் இருக்கும் இடமே. ஆனால் அங்கே ஆராதனை பொருளுள்ளதாவது எதனால்? நம் ஊருக்கு வருவோம்.

போர் நடந்த ஊர்

இன்று கல்லூரிகளுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற திருச்சிராப்பள்ளி, 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு போர்க்களம். ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதினார்கள். ஒருவருக்கு ஆங்கிலேயக் கம்பெனியும் மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றார்கள். மலைக்கோட்டையைச் சுற்றிய நகரம் 1751ஆம் ஆண்டு முற்றுகைக்குள்ளானது. 1752இல் பின்வாங்கிய பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிபின் படையும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவுக்குள் புகுந்தன. திருவரங்கம் கோயிலும் திருவானைக்காவல் கோயிலும் அவற்றின் பாசறைகளாயின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிபு கொல்லப்பட்டார். ஆனாலும் போர் ஓயவில்லை. மறு ஆண்டு பொன்மலைப் பாறையைச் சுற்றி மீண்டும் இரத்தம் சிந்தப்பட்டது.

திருவரங்கத்து மக்கள் பட்ட பாட்டைச் சற்று நினைத்துப்பாருங்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வழிபட்ட இடத்துக்குள், அவர்களைக் கேளாமலே ஆயுதங்கள் நுழைந்தன. வழிபாட்டிடம் பாசறையான அந்த நாள்களின் வேதனையை, எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராயினும் உணரக்கூடும். பத்து ஆண்டுகள் கழித்துக் காவிரியின் தென்கரையில் இதற்கு எதிர்மாறான ஒன்று தொடங்கியது. அங்கே ஆயுதங்களின் நடுவே ஆராதனை நுழைந்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு ஏழைப் போதகர்.

மொழி கற்ற போதகர்

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் ஊரில் 1726இல் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் பயின்றபோதே தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் திருச்சிக்கு முதன்முதலாக வந்தது 1762ஆம் ஆண்டு. தமிழருக்கு நற்செய்தி சொல்ல வந்தவர், கோட்டைக்குள்ளிருந்த ஆங்கிலேயப் படைவீரரைக் கண்டார். அவர்களுக்கென்று அங்கே போதகர் ஒருவரும் இல்லை.

அந்த வீரர்களின் நிலை என்ன? பல மாதக் கடற்பயணம் செய்து வந்தவர்கள். பெரும்பாலோர் வறுமையால் படையில் சேர்ந்தவர்கள். காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் போரைவிட மிகுதியாக அவர்களைக் கொன்றன. மாலை வேளைகளில் அவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் சாராயம். ஊர் திரும்புவோம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் சிலரே. அவர்கள் கிறிஸ்தவப் பெயர் தாங்கியவர்கள். ஆயினும் ஆண்டுக்கணக்கில் ஆராதனையை அறியாதவர்கள்.

சுவார்ட்ஸ் ஐயருக்கு அப்போது ஆங்கிலம் சரளமாக வராது. அவர் அந்த வீரர்களுக்காகவே ஆங்கிலம் கற்றார். தொடக்கத்தில், ஆங்கிலப் போதகர்களின் அச்சிட்ட பிரசங்கங்களையே அவர்கள் முன் வாசித்தார். மொழி கைவந்த பிறகு தம் சொந்தச் சொற்களால் பிரசங்கித்தார். பழைய கட்டடம் ஒன்றின் பெரிய கூடமே அவர்களுக்கு ஆலயமாக இருந்தது. அக்காலத்தில் அவரை நேரில் அறிந்த வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர், அவருடைய வாழ்வைக் குறித்துவைத்திருக்கிறார். கட்டிலும் அவரும் மாத்திரம் கொள்ளும் அளவுள்ள அறை. கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தி உடை. இந்நாட்டு முறைப்படி சமைத்த சோறும் காய்கறியும். இவற்றோடு என்றும் மலர்ந்த முகம்.

அன்பானவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். படைவீரரின் ஆராதனை பொருளுள்ளதாவதற்கு முதற்காரணம் இதுவே என்று எண்ணுகிறேன். அவர்களுக்காக ஒருவர் மெனக்கெட்டார். அவர்கள் மொழியைக் கற்றார். அவர்களைவிட எளிய அறையில், அவர்கள் இருக்கும் கோட்டைக்கு உள்ளேயே தங்கினார். கட்டளை கேட்டே பழகிய காதுகள், கட்டளையல்லாத ஒரு குரலைக் கேட்டன. படையில் ஒரு மனிதன் எண்ணிக்கையில் ஒன்று. அணிவகுப்பில் ஒரு இடம். ஆராதனையிலோ அவன் பாவமன்னிப்புப் பெறவேண்டிய, தேவனுக்கு அருமையான ஓர் ஆத்துமா. அவனை அவ்விதம் பார்க்கும் இரண்டு கண்கள் அங்கே இருந்தன.

மரணத்தின் அருகில்

அந்நாள்களில் திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்தது. வீரர் பலர் மாண்டார்கள்; பிள்ளைகள் அநாதைகளானார்கள். போர்வீரனின் பிள்ளைக்கு அந்நாளில் தகப்பன் போனால் எல்லாமே போயிற்று. சுவார்ட்ஸ் ஐயர் அப்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி தொடங்கினார். கோட்டைத் தளபதியாக இருந்த மேஜர் பிரஸ்டன் அவருக்குப் பக்கபலமாக நின்றார். ஜெபத்துக்கும் பள்ளிக்குமாக ஒரு கட்டடம் எழும்பியது. கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதியை இங்கே நாம் நினைக்காமல் இருக்க முடியாது.

அதன்பின் மதுரைப் போர் வந்தது. கம்பெனியின் தளபதியாக இருந்து பின்னர் அதை எதிர்த்து நின்ற யூசுப்கானை, அதாவது நாம் மருதநாயகம் என்று அறிந்தவரை, அடக்குவதற்காக 1763இலும் 1764இலும் மதுரை முற்றுகையிடப்பட்டது. திருச்சியில் அவரிடம் ஆராதனை கேட்ட வீரரும் அங்கே போனார்கள். சுவார்ட்ஸ் ஐயரும் மதுரைக்குப் போய், நோயுற்றவரையும் காயம்பட்டவரையும் பராமரித்து, அவர்களோடு ஜெபித்தார். மேஜர் பிரஸ்டன் அம்முற்றுகையில் காயம்பட்டு 1764இல் உயிர்நீத்தார். ஜெபவீடு எழும்பத் துணைநின்ற கைகளே போரில் விழுந்தன.

வீரருக்குச் செய்த பணிவிடைக்கு நன்றியாக நவாபு 300 வராகன் அளித்தார். தமக்கென்று ஒரு நல்ல அறைகூட இல்லாத அந்தப் போதகர், அந்தப் பணம் முழுவதையும் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கே ஒதுக்கிவிட்டார். பிற்பாடு படைக் குருவாகச் சென்னை அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் ஏற்படுத்தியபோதும், அதில் பாதியைச் சபைக்கே செலவிட்டார்.

இது ஆராதனையோடு எவ்வாறு தொடர்புடையது என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்புடையது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நிற்பவர், வெள்ளிக்கிழமை காயத்தின் அருகில் உட்கார்ந்தவராக இருந்தால், அவர் சொல்லும் நித்திய ஜீவன் என்னும் சொல்லுக்கு எடை உண்டு. தான் விழுந்தால் தன் பிள்ளையைத் தெருவில் விடாதவர் இவர் என்று தெரிந்த வீரனுக்கு, அவர் கூறும் ஆசீர்வாதம் வெறும் சடங்காகாது. நமக்கெல்லாம் மரணம் என்றோ வரும் செய்தி. படைவீரனுக்கோ அது பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பது. ஆகவே அவன் ஆராதனையில் அலங்காரத்தைத் தேடுவதில்லை. பாவம் மன்னிக்கப்படுமா, என் வீட்டாரைத் தேவன் பார்த்துக்கொள்வாரா, நாளை நான் இல்லாவிட்டால் என் பெயர் எங்கே இருக்கும் என்னும் மூன்று கேள்விகளோடுதான் அவன் வருகிறான். இவற்றுக்கு உண்மையாய் விடையளிக்கும் ஆராதனை சிறிய கூடாரத்தில் நடந்தாலும் போதும்.

கோட்டை ஆலயம்

கர்னல் வுட் முதலான அதிகாரிகளின் துணையோடும் படைவீரரின் காணிக்கைகளோடும் பெரிய ஆலயம் ஒன்று எழும்பியது. 1766ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அது கிறிஸ்து ஆலயம் என்னும் பெயரோடு பிரதிஷ்டை செய்யப்பட்டது. இன்றும் நம் திருமண்டலத்து மக்கள் அங்கே தமிழில் ஆராதிக்கிறார்கள்.

அந்த ஆலயத்தின் சிறப்பு இன்னதென்று உணரவேண்டும். ஆங்கிலேயப் படைவீரரின் ஆராதனை நடந்த அதே கூரையின்கீழ் தமிழ்ச் சபையும் வளர்ந்தது. ஆள்பவரின் மொழியும் ஆளப்படுபவரின் மொழியும் ஒரே பலிபீடத்தின் முன் தேவனைத் துதித்தன. வெளியே அவர்களுக்குள் எத்தனை ஏற்றத்தாழ்வு! உள்ளே வாசிக்கப்பட்ட வேதம் ஒன்று. அந்நாளைய சபை எல்லா வேற்றுமைகளையும் வென்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாதியும் நிறமும் ஆலயத்துக்குள்ளும் பின்தொடர்ந்து வந்தன. இன்றும் நாம் அவற்றோடு போராடுகிறோம். ஆனால் சுவார்ட்ஸ் ஐயர் வீரருக்கு ஒரு தேவனையும் ஊராருக்கு வேறொரு தேவனையும் பிரசங்கிக்கவில்லை.

இரு பக்கமும் நம்பிய மனிதர்

இங்கே நேர்மையான ஒரு கேள்வியை எதிர்கொள்ளவேண்டும். கம்பெனியின் படை இந்நாட்டை வெல்ல வந்த படை. அதற்குக் குருவாக இருப்பது, வாளுக்குத் தீர்த்தம் தெளிப்பதாகாதா? இக்கேள்வியை நம் இளைஞர்கள் கேட்கிறார்கள், கேட்கவும் வேண்டும்.

1779இல் நடந்த ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. மைசூர் ஹைதர் அலியின் நோக்கம் என்னவென்று அறிந்துவர, சென்னை ஆளுநர் சுவார்ட்ஸ் ஐயரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். கம்பெனியாரின் வாக்குகளில் நம்பிக்கை இழந்திருந்த ஹைதர், இவரை மாத்திரம் நம்பி வரவேற்றார். அங்கே ஹைதரின் படையிலும் ஐரோப்பிய வீரர் இருந்தனர். அவர்களுள் ஜெர்மானியரும் உண்டு. அவர்களின் அதிகாரி ஒருவர் தந்த கூடாரத்தில் சுவார்ட்ஸ் ஐயர் ஞாயிறு ஆராதனை நடத்தினார். ஹைதரின் ஆட்கள் ஒருவரும் தடுக்கவில்லை. சிந்தித்துப்பாருங்கள். நாளை ஒருவரையொருவர் எதிர்க்கப்போகும் இரண்டு படைகளிலும் ஒரே போதகர், ஒரே நற்செய்தியைச் சொல்லியிருக்கிறார். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த பணத்தையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை; தஞ்சையில் ஒரு பள்ளிக்குப் பயன்படச் செய்தார்.

மறு ஆண்டே போர் மூண்டது. தஞ்சை நாடு பாழாகிப் பஞ்சம் வந்தபோது, அந்த வயதான போதகர் தானியம் வாங்கிச் சேமித்துப் பட்டினியாய் இருந்தோருக்குப் பகிர்ந்தளித்தார். போர் நடந்த நாட்டில் அவரை மாத்திரம் வழிமறிக்காமல் போகவிடும்படி ஹைதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். படைக்குரு என்ற பெயர் இருந்தும் அவர் ஒரு படைக்கு மாத்திரம் சொந்தமானவராக இருக்கவில்லை.

ஆகையால் நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இது. படைவீரரின் ஆராதனை போரை ஆசீர்வதிப்பதற்காக அல்ல. போரின் நடுவிலும் மனிதன் மனிதனாகவே இருக்கவும், எதிரியும் தேவனுடைய சாயல் என்பதை மறவாதிருக்கவும், தன் கைகள் செய்ததைத் தேவனுக்கு முன் மறைக்காமல் வைக்கவும் ஓர் இடம் தருவதற்காகவே அது. இந்த இடத்தை வெற்றி முழக்கத்துக்குக் கொடுத்துவிட்டால், அங்கே ஆராதனை தன் பொருளை இழக்கிறது.

கட்டளையால் கூடிய சபை

பொருள் இழந்த ஆராதனைக்கும் வரலாற்றில் உதாரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படைகளில் ஆலய அணிவகுப்பு என்பது கட்டாயமானது. ஞாயிறு காலையில் பித்தான் துலக்கி, வரிசையில் நின்று, சோதனைக்கு உட்பட்டு, வாத்தியம் முழங்க நடந்து ஆலயம் சேரவேண்டும். அதிகாரிகள் முன்வரிசை, வீரர் பின்வரிசை. 1857 மே 10ஆம் நாள் மீரட்டில் கிளர்ச்சி எழுந்தது ஒரு ஞாயிறு மாலையில், ஆராதனைக்கு ஆயத்தமாகிய வேளையில். அதன்பின் வீரர் துப்பாக்கிகளோடே ஆலயத்துக்குப் போகலாயினர். அவற்றைச் சாய்த்துவைக்க இருக்கைகளில் வெட்டிய பள்ளங்களை வட இந்தியாவின் பழைய படை ஆலயங்கள் சிலவற்றில் இன்றும் காணலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். 1819இல் அதே மீரட்டில், நாயக் பதவியிலிருந்த இந்தியச் சிப்பாய் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். கம்பெனி அவரைப் பாராட்டவில்லை. அவருடைய படைப்பிரிவிலிருந்தே விலக்கியது. ஆலயத்துக்கு வீரரைக் கட்டாயமாக நடத்திய அதே ஆட்சி, நற்செய்தி ஒரு வீரனை உண்மையாகத் தொட்டபோது அஞ்சியது. ஆராதனையை ஒழுங்குக்காகப் பயன்படுத்துவோர் அதன் வல்லமையை விரும்புவதில்லை. இது படைக்கு மாத்திரம் உரிய நோயல்ல. வருகைக்காகவும், மதிப்புக்காகவும், ஊரார் பார்வைக்காகவும் ஆலயம் வரும் நமக்கும் அது எச்சரிப்பு.

பேராயரின் கடைசி இரண்டு நாள்கள்

சுவார்ட்ஸ் ஐயர் 1778இல் தஞ்சைக்கு இடம்மாறி, 1798 பிப்ரவரி 13ஆம் நாள் அங்கேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். திருச்சியின் பணியைப் போலே ஐயர் 1818இல் மறையும்வரை தொடர்ந்தார். இதற்குள் படை, கோட்டையை விட்டுக் கண்டோன்மென்டுக்கு நகர்ந்திருந்தது. அங்கே 1816இல் தூய யோவான் ஆலயம் எழும்பியது. அதன் சுற்றிலுமுள்ள பலகைக் கதவுகளைத் திறந்துவிட்டால் ஆலயமே காற்றோட்டமுள்ள மண்டபமாகிவிடும். திருச்சியின் வெயிலில் தடித்த சீருடையோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது இரக்கமான ஏற்பாடு.

1826 ஏப்ரல் முதல் நாளில் கல்கத்தாவின் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் திருச்சிக்கு வந்தார். திரித்துவ ஞாயிறுதோறும் உலகெங்கும் பாடப்படும், பரிசுத்தர் என்று மும்முறை போற்றித் தொடங்கும் ஞானப்பாட்டை இயற்றியவர் அவரே. ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. தூய யோவான் ஆலயத்தில் காலையில் பிரசங்கித்தார். மாலையில் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். மறுநாள் திங்கட்கிழமை விடியற்காலையில் கோட்டையிலுள்ள கிறிஸ்து ஆலயத்துக்குப் போனார். சுவார்ட்ஸ் ஐயர் விட்டுச்சென்ற தமிழ்ச் சபை அப்போது ஏழ்மையில் தளர்ந்திருந்தது. அங்கே தமிழ்க் கிறிஸ்தவர் சிலரைத் திடப்படுத்தி, தமிழிலேயே ஆசீர்வாதம் கூறி, ஆலயப் படிகளில் நின்று மக்களைத் தைரியப்படுத்தினார். பிறகு தாம் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, குளிக்கச் சென்ற இடத்தில் நீரிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 42. தூய யோவான் ஆலயத்தில் பலிபீடத்தின் அருகே அவர் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்.

படைக்கான ஆலயத்தில் தொடங்கி ஏழைத் தமிழ்ச் சபையில் முடிந்தது அவருடைய கடைசி ஊழியம். ஆங்கிலத்தில் பிரசங்கித்தவர், கடைசி ஆசீர்வாதத்தைத் தமிழில் கூறினார். சுவார்ட்ஸ் ஐயர் வீரருக்காக ஆங்கிலம் கற்றதையும், ஹீபர் பேராயர் நமக்காகத் தமிழில் ஆசீர்வதித்ததையும் சேர்த்துப்பாருங்கள். கேட்பவனுடைய மொழிக்கு இறங்கி வருவதே இருவரும் செய்தது. நம் ஆண்டவர் மாம்சமானதும் அதே வழியில் அல்லவா?

நம் வீரரும் நாமும்

இன்றைய இந்திய இராணுவத்தில் பல சமயத்தாரும் தோளோடு தோள் நின்று பணியாற்றுகிறார்கள். இளநிலை அதிகாரி நிலையில் சமயப் போதகர்கள் நியமிக்கப்படுகிறார்கள். பண்டிதர், மௌலவி, கிரந்தி ஆகியோரோடு கிறிஸ்தவருக்குப் பாதிரியும் உண்டு. பல முகாம்களில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சர்வ தர்ம ஸ்தலம் இருக்கிறது. ஆனால் எல்லா வீரருக்கும் எல்லா ஞாயிறும் ஆராதனை கிடைப்பதில்லை. பனிமலையின் காவல் சாவடியில் இருப்பவனுக்கு ஞாயிறும் ஒரு பணிநாளே. அவனுக்குச் சபை என்பது, அவன் பைக்குள் இருக்கும் புதிய ஏற்பாடும், நாம் இங்கே ஏறெடுக்கும் ஜெபமுமே.

ஆகவே சபையாராகிய உங்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, நம் வீரருக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். எல்லை காக்கும் வீரர் என்று பொதுவில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். பணியிடம், படைப்பிரிவு போன்ற விவரங்கள் வேண்டாம், பெயர் போதும். படையில் எண்ணாக இருப்பவன், சபையில் பெயராக இருக்கட்டும்.

இரண்டாவது, விடுமுறையில் வரும் வீரனை ஆராதனைக்குப் பின் சூழ்ந்துகொண்டு, சண்டைக் கதை கேட்பதையும் கேன்டீன் சரக்கு கேட்பதையும் விட்டுவிடுங்கள். அவன் ஒரு வேளை பேச விரும்பலாம். மௌனமாய் இருக்கவும் விரும்பலாம். அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடுவதால், அவன் தன் பயத்தையும் பாவத்தையும் சொல்ல இடமில்லாமற்போகிறது. திருவிருந்து மேசையில் அவன் மற்றவரைப்போல முழங்காற்படியிடட்டும். அவனுக்கு வேண்டியது அதுவே.

மூன்றாவது, அவன் வீட்டாரை மறவாதிருங்கள். வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது சுவார்ட்ஸ் ஐயர் நினைத்தது பிள்ளைகளை. கணவன் எல்லையில் இருக்க, தனியே பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகள் நம் நடுவில் இருக்கிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஆஸ்பத்திரிக்குத் துணை போவதும் ஆராதனையின் தொடர்ச்சியே. தன் வீடு ஆதரவற்றுப்போகாது என்று அறிந்தவன் ஆயிரம் மைல் தொலைவில் அமைதியாய் ஜெபிப்பான்.

நான்காவது, வாய்ப்புக் கிடைக்கும்போது கிறிஸ்து ஆலயத்துக்கும் தூய யோவான் ஆலயத்துக்கும் உங்கள் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள கல்வெட்டுகளையும் கல்லறைகளையும் காட்டுங்கள். இந்நாட்டை ஆள வந்தவர்களின் பெயர்கள் அவை என்று உண்மையைச் சொல்லுங்கள். தாய்மண்ணைவிட்டு வந்து இளவயதில் மடிந்த பிள்ளைகளும் அவர்களுள் உண்டு என்ற உண்மையையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் பிள்ளைகள் போரை வெறுக்கவும் போர்வீரனை நேசிக்கவும் கற்பார்கள்.

இந்த ஞாயிறு ஆராதனையின் முடிவில் நம் வீரருக்காகச் சற்று நேரம் முழங்காலில் இருப்போம். வீட்டிலிருக்கும் பெற்றோரும் மனைவிமாரும் அவரவர் வீரரின் பெயரை ஒரு தாளில் எழுதிக் காணிக்கைத் தட்டில் வைக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெயர்களை இனி வாரந்தோறும் வாசித்து ஜெபிப்போம்.

ஜெபம்

சேனைகளின் கர்த்தாவே, சமாதானப் பிரபுவே, உம்மைத் துதிக்கிறோம். எங்கள் ஊரில் படைவீரரின் நடுவே உமது நாமம் விளங்கச் செய்த ஊழியருக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம். மலையிலும் பாலைவனத்திலும் கடலிலும் காவல் காக்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களுக்கு ஆலயம் இல்லாத இடத்தில் நீரே ஆலயமாயிரும். அவர்கள் கைகளை அநியாயத்துக்கும், இருதயங்களைப் பகைக்கும் விலக்கிக் காரும். காயப்பட்ட உள்ளங்களை ஆற்றும். காத்திருக்கும் குடும்பங்களுக்கு எங்களைத் துணையாக்கும். யுத்தங்கள் ஓய்ந்து, எல்லா ஜாதிகளும் ஒரே மேசையில் அமரும் நாளை விரைவில் தாரும். எங்கள் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.